கோடை இரவின் கீழெல்லை

உலகின் காலநிலைகளை வகைப்படுத்தும் முறைகளுள் மிகப் பரவலாக வழங்குவது, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1846இல் பிறந்து ஜெர்மனியில் பணியாற்றிய விளாடிமிர் கோப்பன் 1900இல் வெளியிட்டுப் பின்னர் பலமுறை திருத்திய முறையாகும். அம்முறையில் லண்டனுக்கு ‘சிஎஃப்பி’ என்னும் குறியும் மாஸ்கோவுக்கு ‘டிஎஃப்பி’ என்னும் குறியும் வழங்கப்பட்டுள்ளன. முதலெழுத்து இவ்விரு நகரங்களையும் பிரிப்பது குளிர்காலத்தின் கடுமையைக் கொண்டு. இரண்டாமெழுத்து, ஆண்டில் வறண்ட பருவம் என ஒன்று இல்லை என்பதைச் சொல்கிறது. கோடையைக் குறிக்கும் மூன்றாமெழுத்து இரு நகரங்களுக்கும் ஒன்றே: ஆண்டின் மிக வெப்பமான மாதத்திலும் சராசரி வெப்பநிலை 22 டிகிரி செல்சியஸை எட்டுவதில்லை, ஆயினும் குறைந்தது நான்கு மாதங்களின் சராசரி 10 டிகிரிக்குக் குறைவதில்லை என்பதே அதன் பொருள். கடல்சார் காலநிலைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் லண்டனும் கண்டக் காலநிலைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் மாஸ்கோவும் கோடையைப் பொறுத்தவரை ஒரே எழுத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

பகலின் உச்சத்தையும் இரவின் தாழ்வையும் ஒன்றாகக் கலந்து கிடைக்கும் மாதச் சராசரியையே கோப்பன் அளவுகோலாகக் கொண்டார். ஆகவே இரவு மட்டும் எவ்வாறு இருந்தது என்பது அவருடைய எழுத்துகளில் தெரிவதில்லை. பின்னர் வந்தவர்களும் இக்குறையைக் களையவில்லை. ஓரிடம் எவ்வளவு கண்டத்தன்மை உடையது என்பதை எண்ணால் சொல்ல 1920இல் போலந்தின் கோர்ச்சின்ஸ்கியும் 1946இல் விக்டர் கான்ராடும் வகுத்த குறியீடுகள், மிக வெப்பமான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் இடையிலான வேறுபாட்டையும் அவ்விடத்தின் அட்சரேகையையும் கொண்டு கணிக்கப்படுவன. இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி குளிர்காலத்திலிருந்து வருவதால், கோடை இரவைப் பற்றி இக்குறியீடுகள் அறவே பேசுவதில்லை என்றே சொல்லலாம்.

இந்த இடைவெளியில் இரண்டு எளிய முடிவுகள் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. கடலோர நாடுகளின் கோடை குளிர்ச்சியானது, எனவே அங்கு இரவும் உள்நாட்டு இரவைவிடக் குளிர்ந்திருக்கும் என்பது ஒன்று. நிலம் விரைவில் சூடாகி விரைவில் ஆறும் இயல்புடையது, எனவே கண்டத்தின் உள்நிலத்தில் பகல் எவ்வளவு சுட்டாலும் இரவு கடலோரத்தைவிடக் குளிர்ந்துவிடும் என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு முடிவுகளும் பாடநூல்களில் அடுத்தடுத்த பக்கங்களில் இடம்பெறுவதுண்டு. அளவீடுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டும் பாதி உண்மைகளே என்பது புலனாகும். கோடை இரவு எதுவரை குளிரும் என்பதைத் தீர்மானிப்பது கடலிலிருந்து உள்ள தொலைவு அன்று, காற்றில் உள்ள நீராவியின் அளவே என்பதைப் பின்வரும் ஒப்பீடுகள் காட்டுகின்றன.

ஒப்பிடும் இரு இடங்களும் ஒரே அட்சரேகையில் அமைவது முதல் தேவை. இல்லையெனில் இரவின் நீளமே வேறுபட்டு ஒப்பீட்டைக் குழப்பிவிடும். எடுத்துக்காட்டாக, 62 டிகிரி வடக்கில் உள்ள யாகுட்ஸ்கில் ஜூன் இறுதியில் சூரியன் நான்கு மணிநேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது. நிலம் ஆறுவதற்குக் கிடைக்கும் நேரமே அவ்வளவுதான். இந்தக் குழப்பத்துக்கு இடம் தராத இணை ஒன்று 52 டிகிரி வடக்கை ஒட்டி அமைந்திருக்கிறது. அதன் ஒரு முனை, அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் அட்லாண்டிக் கடலை நோக்கி நிற்கும் வேலன்ஷியா வானிலை ஆய்வகம். 1868இல் வேலன்ஷியா தீவில் தொடங்கப்பெற்று 1892இல் எதிர்க்கரைக்கு மாற்றப்பட்டது. மறுமுனை, ஆசியக் கண்டத்தின் நடுவே சைபீரியாவில் அமைந்த இர்குட்ஸ்க்.

வேலன்ஷியாவில் ஜனவரிப் பகல்கள் 10 டிகிரியை எட்டுகின்றன. இர்குட்ஸ்கில் ஜனவரியின் சராசரி உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி அளவில் இருக்கிறது. குளிர்காலத்தில் இவ்வளவு விலகி நிற்கும் இரண்டு ஊர்களின் ஜூலை மாதத்தை எடுத்துக்கொண்டால், முழு எண்ணுக்கு அண்மையாக்கிச் சொல்வதானால், பகல் உச்சம் வேலன்ஷியாவில் 18, இர்குட்ஸ்கில் 25. இரவுத் தாழ்வோ வேலன்ஷியாவிலும் 13, இர்குட்ஸ்கிலும் 13. பகலில் ஏழு டிகிரி வேறுபட்ட இரு நிலங்கள் விடியும் வேளையில் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. லண்டனையும் மாஸ்கோவையும் ஒப்பிட்டாலும் ஜூலை இரவின் சராசரித் தாழ்வு இரண்டிலும் 14 டிகிரியை ஒட்டியே அமைகிறது.

இந்த ஒற்றுமை தற்செயலாக நேர்ந்ததன்று. அதே வேளையில் ஒரே காரணத்தால் நேர்ந்ததும் அன்று. வேலன்ஷியாவில் இரவைத் தாங்கிப் பிடிப்பது கடல். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், அதாவது அதன் தன்வெப்ப ஏற்புத்திறன், ஏறத்தாழ 4,186 ஜூல்; உலர்ந்த மண்ணுக்கு இதில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கே போதும். அதைவிட முக்கியமானது ஆழம். பகல் வெயிலின் வெப்பம் மண்ணுக்குள் அரை மீட்டர் அளவுக்கே ஊடுருவுகையில், கடலில் அது அலைகளாலும் நீரோட்டங்களாலும் பல மீட்டர் ஆழத்துக்குக் கலக்கப்பட்டுவிடுகிறது. ஆகவே காற்றுள்ள நாட்களில் திறந்த கடலின் மேற்பரப்பு, பகலுக்கும் இரவுக்கும் இடையே ஒரு டிகிரிகூட மாறுவதில்லை. தென்மேற்கு அயர்லாந்தை ஒட்டிய கடல் கோடையில் 15 டிகிரி அளவில் இருக்கிறது; அதன்மேல் நெடுந்தொலைவு தவழ்ந்துவரும் மேலைக்காற்று அதே வெப்பநிலையையும் அதற்கேற்ற ஈரத்தையும் பெற்றே கரையேறுகிறது. இரவிலும் காற்று ஓய்வதில்லை, தாழ்முகில் விலகுவதில்லை. எனவே 18இலிருந்து 13க்கு இறங்குவதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது.

இர்குட்ஸ்கில் நிகழ்வது வேறு. அதை விளங்கிக்கொள்ள, இரவில் நிலம் எவ்வாறு ஆறுகிறது என்பதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்த மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸின் பணியை நினைவுகூர்வது தகும். பனித்துளி வானிலிருந்து விழுகிறதா, நிலத்திலிருந்து எழுகிறதா என்னும் பழைய வழக்கைத் தீர்க்க விரும்பிய அவர், லண்டனுக்கு வெளியே சர்ரேயில் ஒரு தோட்டத்தில் இரவுதோறும் கம்பளி இழைகளைச் சிறு பொதிகளாக வைத்து, விடியலில் அவற்றை நிறுத்துப் பார்த்தார். ஒவ்வொரு பொதியும் பத்து கிரெய்ன், அதாவது ஒரு கிராமுக்கும் குறைந்த எடை. தாங்கிகளின்மேல் உயர்த்தி வைத்த பலகையின் மேற்புறத்தில் ஒரு பொதியையும் அதன் அடிப்புறத்தில் மற்றொன்றையும் பொருத்தியபோது, வானத்தை நேரே நோக்கியிருந்த மேற்பொதி ஈரத்தால் மிகுதியாக எடை கூடியிருந்தது; பலகை மறைத்த கீழ்ப்பொதியில் ஈரம் சிறிதளவே ஏறியிருந்தது. தெளிந்த, காற்றற்ற இரவுகளில் புல்லின்மீது கிடத்திய வெப்பமானி, சில அடி உயரத்தில் காற்றில் தொங்கியதைவிடப் பல டிகிரி தாழ்ந்து நின்றதையும், ஒரு முகில் தலைக்குமேல் வந்ததும் அது உயரத் தொடங்கியதையும் அவர் பதிவுசெய்தார். பனித்துளி படிவதற்கு முன்பே பொருள் குளிர்ந்துவிடுகிறது, அக்குளிர்ச்சி அது தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானுக்கு இழப்பதால் வருகிறது என்னும் முடிவை 1814இல் வெளியிட்ட பனித்துளி பற்றிய நூலில் நிறுவினார். வெறும் தராசும் வெப்பமானியும் கொண்டு எட்டிய இம்முடிவு இன்றும் மாறாமல் நிற்கிறது.

வெல்ஸ் கண்ட கதிர்வீச்சை எது தடுக்கிறது என்ற கேள்விக்கு விடை கண்டவர் ஜான் டிண்டல். லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1859 முதல் அவர் நடத்திய சோதனைகளில், காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பக் கதிர்களைத் தடையின்றி விடுகின்றன என்பதும், மிகச் சிறு பங்கே உள்ள நீராவி அவற்றை வலுவாக உறிஞ்சுகிறது என்பதும் தெரியவந்தன. உறிஞ்சிய வெப்பத்தின் ஒரு பகுதியை நீராவி மீண்டும் நிலத்தை நோக்கியே அனுப்புகிறது. இங்கிலாந்தின் மேலுள்ள நீராவியை ஒரே ஒரு கோடை இரவுக்கு நீக்கிவிட்டாலும் உறைகுளிருக்குத் தாங்காத செடிகள் யாவும் மடிந்துபோகும் என்பது அவருடைய கணிப்பு. கடல்சார் நாட்டின் கோடை இரவைப் பற்றி அறிவியலாளர் ஒருவர் கூறியவற்றுள் இதைவிடக் கூர்மையான கருத்து அரிது.

நீராவி இரவைக் காப்பதற்கு இரண்டாவது வழியும் உண்டு. காற்று குளிர்ந்துகொண்டே போகும்போது, அதிலுள்ள நீராவியால் அது தெவிட்டிவிடும் வெப்பநிலை ஒன்று வரும். அதுவே பனிநிலை எனப்படுகிறது. அதற்குக் கீழே இறங்க வேண்டுமானால் நீராவி துளியாக மாற வேண்டும். மாறும்போது உள்ளுறை வெப்பத்தை, அதாவது ஆவியானபோது உள்வாங்கிய வெப்பத்தை, திரும்ப வெளியிடுகிறது. ஒரு கிலோ காற்றில் ஒரு கிராம் நீராவி துளியானால் அக்காற்று இரண்டரை டிகிரி சூடாவதற்குப் போதுமான வெப்பம் வெளிப்படும். எனவே பனிநிலையை எட்டியதும் இரவின் இறக்கம் தளர்ந்துவிடுகிறது. புல்லில் பனித்துளி படிந்து, தாழ்நிலத்தில் மூடுபனி எழும் கோடை விடியலில் வெப்பமானி பனிநிலைக்கு அருகிலேயே நிற்பதைக் காணலாம்.

இர்குட்ஸ்கின் ஜூலைக்கு இனி விளக்கம் எளிது. சைபீரியாவின் உள்நிலத்தில் ஆண்டின் மழை பெரும்பாலும் கோடையில் பெய்கிறது. ஜூலையே மிகுமழை மாதங்களுள் ஒன்று. நனைந்த மண்ணும் பரந்த காடும் பகல் முழுதும் நீராவியை வெளியிடுவதால் அங்குள்ள காற்றின் பனிநிலை அயர்லாந்தின் கடற்காற்றின் பனிநிலைக்கு அருகே வந்துவிடுகிறது. பகல் எத்தனை உயர்ந்தாலும், தெளிந்த வானும் ஓய்ந்த காற்றும் வெப்பநிலையை விரைந்து கீழே இறக்க, அது இறங்கி நிற்கும் தளம் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கிறது.

இக்கருத்தைக் கடலே தொடாத இணையொன்றைக் கொண்டு சோதிக்கலாம். அமெரிக்காவில் 41 டிகிரி வடக்கை ஒட்டி நெப்ராஸ்காவின் ஒமாஹாவும் நெவாடாவின் எல்கோவும் உள்ளன. இரண்டும் உள்நாட்டு ஊர்களே. ஜூலைப் பகல் உச்சம் ஒமாஹாவில் 31, எல்கோவில் 33. இரவுத் தாழ்வு ஒமாஹாவில் 20, எல்கோவில் 10. கடலிலிருந்து உள்ள தொலைவு இரவைத் தீர்மானிப்பதாக இருந்தால் இந்தப் பத்து டிகிரி வேறுபாட்டுக்கு விளக்கமே கிடைக்காது. எல்கோ கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் உயர்ந்த பள்ளத்தாக்கில் இருப்பது ஒரு காரணம் என்பது உண்மை: அங்கே காற்று மெலிந்தது, மலைச்சரிவுகளில் குளிர்ந்த காற்று இரவில் தாழ்விடத்தில் வந்து தேங்குகிறது. ஆனால் முதன்மையான காரணம் வறட்சியே. சியரா நெவாடா மலைகள் பசிபிக்கின் ஈரத்தை மறித்துவிடுவதால் எல்கோவின் கோடைப் பனிநிலை பெரும்பாலும் ஒற்றை இலக்கத்திலேயே கிடக்கிறது. இறங்கும் இரவைத் தாங்கத் தளமில்லை.

ஒமாஹாவின் நிலை இதற்கு நேர்மாறானது. மெக்சிகோ வளைகுடா அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் தெற்கே இருக்கிறது. ஆனால் இடையில் குறுக்கே நிற்கும் மலை எதுவும் இல்லை. கோடை இரவுகளில் பெருஞ்சமவெளியின்மேல், தரையிலிருந்து சில நூறு மீட்டர் உயரத்தில், தென்திசையிலிருந்து விரைந்து வீசும் காற்றோடை ஒன்று உருவாகிறது. பகலில் தரையின் உராய்வால் தடைப்பட்ட காற்று, மாலையில் தரை குளிர்ந்து கீழடுக்கு அமைதியடைந்ததும் அத்தடையிலிருந்து விடுபட்டு வேகம் பெறுவது அதன் காரணங்களுள் ஒன்று. வளைகுடாவின் ஈரத்தை அது இரவோடு இரவாக வடக்கே கொண்டுவருகிறது. அப்பகுதியில் கோடை இடிமழை பகலைவிட இரவில் மிகுந்து பெய்வதற்கும் அதுவே பெரிதும் காரணம். இத்துடன் பயிரின் பங்கும் சேர்கிறது. வளர்ந்த மக்காச்சோளம் ஓர் ஏக்கரில் நாளொன்றுக்கு 11,000 முதல் 15,000 லிட்டர் வரை நீரை இலைகள் வழியே ஆவியாக்குகிறது. அயோவா, நெப்ராஸ்கா மாநிலங்களில் அடிவானம்வரை இப்பயிரே நிற்கும் ஜூலையில் பனிநிலை 18 டிகிரியை ஒட்டியும் சில நாட்களில் 24ஐத் தாண்டியும் உயர்கிறது. கண்டத்தின் நடுவே அமைந்த ஓர் ஊரின் இரவு, அயர்லாந்தின் கடற்கரை இரவைவிட ஏழு டிகிரி வெப்பமாக இருப்பது இவ்வாறுதான்.

கடற்கரையில் இருப்பதாலேயே ஓரிடம் கடல்சார் காலநிலை பெற்றுவிடுவதில்லை என்பதும் இதனோடு சேர்த்துக் கருதத்தக்கது. ஏறத்தாழ ஒமாஹாவின் அட்சரேகையில் அட்லாண்டிக்கின் கரையிலேயே இருக்கும் நியூயார்க்கில் ஜூலை இரவின் சராசரித் தாழ்வு 21 டிகிரி. நடு அட்சரேகைகளில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால் கண்டங்களின் மேற்குக் கரைகளே கடலின் தன்மையைப் பெறுகின்றன. கிழக்குக் கரைகளுக்கு வந்துசேர்வது பெரும்பாலும் நிலத்தின் மேலாக வந்த காற்றும், கோடையில் தெற்கிலிருந்து ஏறிவரும் வெப்பமண்டல ஈரமுமே.

மேற்குக் கரையில் கடலின் ஆட்சி எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்குக் கலிஃபோர்னியா தெளிவான சான்று. அங்குள்ள கோடை வறண்டதாதலால் கோப்பன் அதை வேறு வகையில் சேர்த்தார். ஆயினும் கடலின் செயலைக் காண்பதற்கு அது தடையன்று. குளிர்ந்த நீரோட்டத்தை நோக்கியிருக்கும் சான் பிரான்சிஸ்கோவில் ஜூலைப் பகல் 20 டிகிரியை ஒட்டியும் இரவு 13ஐ ஒட்டியும் இருக்க, ஏறத்தாழ 140 கிலோமீட்டர் சாலைத் தொலைவில் உள்ள சாக்ரமென்டோவில் பகல் 34ஐ நெருங்குகிறது. இரவு 16 அளவுக்கு இறங்கிவிடுகிறது. பகலில் பதினான்கு டிகிரி, இரவில் மூன்றே டிகிரி. பிற்பகலில் உள்நாட்டுப் பள்ளத்தாக்கின் சூடான காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று கார்கினெஸ் நீரிணையின் இடுக்கு வழியாக நுழைந்து, ஆற்றுக் கழிமுகத்தைக் கடந்து மாலையில் சாக்ரமென்டோவை அடைகிறது. அந்நகரத்தார் வெயில் தாழ்ந்ததும் சன்னல்களைத் திறந்துவைப்பது இக்காற்றை எதிர்பார்த்தே. அது வராத நாட்களில் இரவும் புழுங்குகிறது.

இதுவரை ஒப்பிட்டவை சராசரிகள். சராசரி ஒன்றாயினும் அதைச் சுற்றிய ஏற்றத்தாழ்வு ஒன்றாக இருப்பதில்லை; கடலுக்கும் கண்டத்துக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்குதான் தென்படுகிறது. வேலன்ஷியாவின் ஜூலை இரவுகள் சராசரியிலிருந்து சில டிகிரியே விலகுவன; கடல் அதற்குமேல் இடந்தருவதில்லை. இர்குட்ஸ்கிலோ ஆர்க்டிக்கிலிருந்து வறண்ட காற்று இறங்கிய இரவில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கவும், தெற்கிலிருந்து ஈரக்காற்று வந்த இரவில் 20 டிகிரி அளவிலேயே நின்றுவிடவும் கூடும். உழவருக்குச் சராசரியைவிட இந்த விலக்கமே பெரிது. ஒரு பருவத்தின் உழைப்பை அழிக்க உறைபனி விழும் ஒரே ஓர் இரவு போதும்.

கனடாவின் புல்வெளி மாகாணங்களின் வரலாறு இதற்குச் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்குக் குடியேறியவர்கள் பயிரிட்ட ‘ரெட் ஃபைஃப்’ கோதுமை தரத்தில் சிறந்தது. ஆனால் முற்றுவதற்கு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டதால், ஆகஸ்ட் இறுதியிலேயே விழுந்துவிடும் உறைபனிக்கு அடிக்கடி இரையானது. பகல் நல்ல வெயிலாகவும் மண் வளமாகவும் இருந்தும் ஓரிரவில் கதிர் கருகிய ஆண்டுகள் பல. இதற்குத் தீர்வாக வந்த ‘மார்க்விஸ்’ கோதுமை, ரெட் ஃபைஃபையும் இந்தியாவிலிருந்து சென்ற ‘ஹார்ட் ரெட் கல்கத்தா’ என்னும் விரைவில் முற்றும் வகையையும் கலந்து பெறப்பட்டது. ஒட்டாவாவில் சார்லஸ் சாண்டர்ஸ் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய அக்கோதுமை 1909இல் உழவர்களுக்கு வழங்கப்பட்டது. ரெட் ஃபைஃபைவிட ஏறத்தாழ ஒரு வாரம் முன்னதாக அது முற்றியது. கோடை இரவின் உறைபனியை ஒரு வார இடைவெளியில் வென்ற அவ்விதை, சில ஆண்டுகளில் அப்புல்வெளியின் பெரும்பகுதியை நிறைத்தது. இந்திய வயல்களின் விதை கனடாவின் குளிர் இரவுக்கு மருந்தானது வேளாண் வரலாற்றில் இன்னும் விரிவாகப் பேசப்பட வேண்டிய செய்தி.

மறுபக்கத்தில், குறைந்த ஏற்றத்தாழ்வுக்குப் பழகிய கடல்சார் நாடுகள் வெப்பமான இரவுகளுக்கு ஆயத்தமாக இல்லை. ஐரோப்பாவில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவை ‘வெப்பமண்டல இரவு’ என்று கணக்கிடுகிறார்கள். ஜப்பானில் அதற்குரிய அளவு 25. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இத்தகைய இரவுகள் அரியவையாக இருந்ததால் அங்குள்ள வீடுகள் வெப்பத்தை உள்ளே தக்கவைக்கவே கட்டப்பட்டன. பகலின் சூட்டால் களைத்த உடல் மீள்வதற்கு இரவின் குளிர்ச்சி தேவை. அது கிடைக்காதபோது இதயத்தின் சுமை நாளுக்கு நாள் கூடுகிறது, முதியோரே முதலில் வீழ்கிறார்கள். 2003 ஆகஸ்டில் ஐரோப்பாவைத் தாக்கிய வெப்ப அலையில் பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தனர். ஆகஸ்ட் 12 அன்று பாரிசில் வெப்பநிலை 25.5 டிகிரிக்குக் கீழே இறங்கவேயில்லை. 2021 ஜூன் இறுதியில், கடல்சார் காலநிலை கொண்ட பசிபிக் வடமேற்குக் கரையில், உயர் அழுத்தத்தால் அமிழ்ந்து சூடேறிய காற்று நின்றபோது, பிரிட்டிஷ் கொலம்பியாவில் 619 பேர் வெப்பத்தால் இறந்ததாக அம்மாகாணத்தின் மரண விசாரணை அலுவலகம் கணக்கிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் உயிர்நீத்தது வெயிலில் அன்று, வீட்டுக்குள்.

வகைப்பாட்டு அறிஞர்கள் விட்டுவிட்ட இரவை இறுதியில் எண்ணாக ஏற்றுக்கொண்டது பொதுநலத் துறையே. 2003க்குப் பின் பிரான்சு வகுத்த எச்சரிக்கை முறையில் பகல் உச்சத்தின் மூன்று நாள் சராசரியும் இரவுத் தாழ்வின் மூன்று நாள் சராசரியும் சேர்ந்தே பார்க்கப்படுகின்றன. பாரிசுக்குரிய எல்லை பகலுக்கு 31, இரவுக்கு 21. இங்கிலாந்தில் 2004இல் தொடங்கிய வெப்ப அலைத் திட்டமும் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இவ்வாறே இரண்டு எண்களை வகுத்தது: லண்டனுக்குப் பகல் 32, இரவு 18, வடகிழக்கு இங்கிலாந்துக்குப் பகல் 28, இரவு 15.